பிரித்துக் கட்டி எடுத்துப்போக ஒரு நாற்காலி

ஜூலை 20, மன்னார்குடி

அக்கா சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். லிஃப்ட் கிடையாது, படிக்கட்டும் குறுகல். "நம்ம கொல்லை மரத்துல ஒரு நாற்காலி வேணும்டா. மன்னை எக்ஸ்பிரஸ்ல பெர்த்துக்கு அடியில தள்ளிக் கொண்டுவர்ற மாதிரி இருக்கணும்" என்கிறாள்.

மரம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் சாய்ந்த பூவரசை அப்பா அப்போதே மரவாடியில் கொடுத்து அறுத்து, கொட்டகைப் பரணில் இடைக்கட்டை வைத்து அடுக்கினார். பூவரசில் நீளமாக, நேராகப் பலகை கிடைப்பது அபூர்வம். கோணலும் கணுவுமாகத்தான் வரும். கதவுக்கு ஆகாது. நாற்காலிக்கு மூன்றடிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதால் தப்பித்தோம்.

ஜூலை 27

வரைபடம். உட்காரும் உயரம் 17 அங்குலம், ஆழம் 16, முதுகு பத்துப் பாகைச் சாய்வு. இதிலெல்லாம் பெரிய யோசனை இல்லை. யோசிக்க வேண்டியது இணைப்பைத்தான்.

நாற்காலிக்கு நேராக இறங்கும் எடை ஒரு பொருட்டே இல்லை. ஆள் பின்னால் சாயும்போதுதான் பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடம் திணறும். பழைய நாற்காலிகள் ஆட ஆரம்பிப்பது அங்கேதான். ஆகவே அந்த இடத்தைக் கழற்றும்படி வைக்கக்கூடாது. முன்கால், பின்கால், பக்கச் சட்டம் மூன்றையும் கழுந்து (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய முனை) இறக்கிப் பசை போட்டு இரண்டு தட்டையான பக்கங்களாக நிரந்தரமாக முடித்துவிடுவது. இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களை மட்டும் கழற்றுவது.

வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி நினைவுக்கு வந்தது. ஆறு துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு. ஒரு கன மீட்டர் பெட்டியில் பிரித்த நாற்காலி 36 போகுமாம். நமக்குப் பெர்த்துக்கு அடியில் ஒன்று போனால் போதும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பாமணியாற்றுக்குப் போய்விட்டு வந்து புளியோதரை, தேங்காய்ச் சாதம், தூக்கம். மரத்தைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 10

ஆசாரியிடம் படத்தைக் காட்டினேன். "நட்டு போல்ட்டு போட்டுட்டுப் போங்க தம்பி, கால் மணி நேர வேலை" என்றார். எனக்கு ஆப்புதான் வேண்டும். காரணம் நம் ஊர்க் காற்று.

மரம் ஈரத்தில் குறுக்கே உப்பும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்குச் சட்டம் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்படி நீட்டும் முனையில் ஒரு துளை, அதில்தான் ஆப்பு இறங்கும். ஐப்பசி மழையில் காலின் கனம் கூடும், சட்டத்தின் நீளம் கூடாது. போல்ட்டை இறுக்கிவைத்தால் அப்போது வாஷர் மரத்தை நசுக்கிவிடும். சித்திரையில் மரம் சுருங்கியதும் நசுங்கிய இடம் இடைவெளியாக நிற்கும், நாற்காலி ஆடும். ஸ்பேனர் தேட வேண்டும். ஆப்பென்றால் ஒரு தட்டு.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தவர், "வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி போடற மாதிரிதானே இது? முதல்லயே சொல்லக்கூடாதா" என்றார்.

ஆகஸ்ட் 24

இழைத்து முடிந்தது. உள்ளே வைரம், அதாவது முற்றிய நடுமரம், நல்ல கருஞ்சிவப்பு. சுற்றியிருக்கும் இளமரமான வெளிறு முழுவதையும் கழித்தோம், உளுத்துப்போவது அங்கிருந்துதான் தொடங்கும். கழித்ததில் பாதிப் பலகை போனது, வயிற்றெரிச்சல்தான்.

இன்று நாள் முழுக்க ஆப்புத் துளை. ஆசாரியின் சூட்சுமம் இதில்தான்: துளையின் உள்விளிம்பு காலின் வெளிமுகத்தோடு சரியாக நிற்கக்கூடாது, ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) உள்ளே போயிருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு காலை அழுத்தி இழுக்கும். இல்லாவிட்டால் துளைக்குள்ளேயே முட்டிக்கொண்டு சும்மா நிற்கும். துளைக்கு அப்பால் ஒன்றரை அங்குலமாவது மரம் மிஞ்ச வேண்டும், குறைந்தால் இழையோடு பிய்ந்துவிடும். ஆப்பின் சரிவு எட்டுக்கு ஒன்று. அதையும் மேலிருந்து கீழாகத்தான் இறக்க வேண்டும்: தளர்ந்தாலும் தன் எடையில் கீழேதான் உட்காரும், வழுக்கி வெளியே விழாது. கழுந்து கனத்தில் கச்சிதம், அகலத்தில் அரை நூல் விட்டிருக்கிறோம், உப்புவதற்கு.

செப்டம்பர் 7

மாட்டிப் பார்த்தாயிற்று. கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) நான்கு தட்டு, ஆட்டமே இல்லை. அத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுந்திரிக்கும்போது இந்தக் கொம்புல முந்தானை மாட்டுமேடா" என்றார். நியாயம். வெளியே நீட்டும் கழுந்து முனைகளை உருட்டி, ஆப்பின் தலையையும் மழித்தோம். படத்தில் தெரியாத விஷயம் இது.

பிரித்து அடுக்கினால் ஐந்து அங்குல உயரக் கட்டு. ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசியாயிற்று.

செப்டம்பர் 21

சாக்கில் சுற்றி, பெர்த்துக்கு அடியில் சிரமமில்லாமல் போனது. அக்கா தானே மாட்டினாள். ஆப்புகள் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக இறங்குவதில்லை, கையால் செதுக்கியவை ஆயிற்றே. ஒவ்வொன்றிலும் அதனதன் துளையிலும் உளியால் கீறி அடையாளம் வைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது நாற்காலிக்கும் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 23

விடாத மழை. மிஞ்சிய பலகையில் செய்த இரண்டாவது நாற்காலி திண்ணையில் கிடக்கிறது. உட்காரும் பலகைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி பாதிக்கு மேல் மூடிவிட்டது. ஆப்பைக் கழற்றப் பார்த்தேன், அசைந்து கொடுக்கவில்லை. அடித்தால் கழுந்துதான் தெறிக்கும், அதனால் விட்டுவிட்டேன். அக்கா தை பிறக்கும்வரை பொறுக்கட்டும். ஆப்பு இப்போது நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பங்குனி வெயிலில் அதற்குக் கீழே எத்தனை நூல் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நூலுக்கு மேல் போகாது என்கிறார் ஆசாரி. இரண்டு போகும் என்பது என் கணக்கு.