ஆஸ்பத்திரில அப்பாவுக்கு வந்த டெலீரியம் (உடம்பு சரியில்லாதப்ப திடீர்னு வர்ற மனக்குழப்பம்), எங்க அனுபவம்

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் அவர் அவராவே இல்ல. பகல் பூரா அரைத்தூக்கம், கேட்டா ஒரு வார்த்தை பதில், சாப்பாட்டை வாயிலயே வச்சுக்கிட்டு முழுங்க மறந்துடுவார், போர்வை ஓரத்தை விரலால பிச்சுக்கிட்டே இருப்பார். கத்தி கலாட்டா பண்ற பேஷண்ட்டுன்னா வார்டே ஓடி வருது, இவர் யாருக்கும் தொந்தரவு இல்லையே, அதனால "வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்"னு விட்டுட்டாங்க.

எனக்கு மனசே ஒப்பல. எப்ப ஆரம்பிச்சுது, காலைல எப்படி இருக்கார், ராத்திரி எப்படி மோசமாகுதுன்னு நேரத்தோட எழுதி டூட்டி டாக்டர்கிட்ட காட்டி "சார், அட்மிட் ஆகும்போது பேப்பர் படிச்சு எனக்கே விளக்கம் சொன்னவர், இப்ப எங்க இருக்கோம்னே தெரியல"ன்னு சொன்னேன். அப்புறம்தான் கேஸ் ஷீட்ல எழுதி சைக்யாட்ரிஸ்டை வரவழைச்சாங்க.

வந்தவர் முதல்ல என்கிட்டதான் ரொம்ப நேரம் பேசினார். அப்புறம் அப்பாகிட்ட வயசு, இடம், வருஷம் எல்லாம் கேட்டுட்டு மாசங்களை டிசம்பர்லேர்ந்து பின்னோக்கி சொல்லச் சொன்னார். அப்பா "டிசம்பர், நவம்பர்..."னு ஆரம்பிச்சு அப்படியே ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்துட்டார். இது டெலீரியம், அமைதியா வர்ற வகை, உடம்புல காரணம் இருக்கும், தேடணும்னார். தேடினா ரத்தத்துல சோடியம் (உப்பு) குறைஞ்சிருக்கு, யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல், தூங்கறதுக்குக் குடுத்த மாத்திரை வேற. மாத்திரையை நிறுத்தினாங்க, சோடியத்தை மெதுவாதான் ஏத்தினாங்க, வேகமா ஏத்தினா மூளைக்கே ஆபத்தாம். கண்ணாடியும் காது மெஷினும் போட்டு விடறது, பகல்ல திரையைத் திறந்து வைக்கறது, ராத்திரி தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கறது, இதெல்லாம் எங்க பங்கு. கொஞ்சம் கொஞ்சமாதான் தெளிஞ்சார்.

தெளிஞ்சப்புறம்தான் இன்னொண்ணு தெரிஞ்சுது, "உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன்"னு அழ ஆரம்பிச்சுட்டார். அதே டாக்டர் திரும்ப வந்தார். பசி, தூக்கம் ஆபரேஷன்லயே கெடும், அதை மட்டும் வச்சு டிப்ரஷன்னு சொல்ல மாட்டேன்னுட்டு, பிடிச்ச விஷயத்துல ஆசை போயிடுச்சா, வாழவே வேணாம்னு தோணுதான்னு அப்பாகிட்ட நேராவே கேட்டார். எனக்கு உதறிடுச்சு, ஆனா அப்பா மனசு விட்டுப் பேசினார், யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்திருக்கார் பாவம்.

டிஸ்சார்ஜ் சம்மரில டெலீரியம் வந்ததையும், மனநல ரிவ்யூ தேதியையும் கேட்டு எழுதி வாங்கினேன். நீங்களும் கேட்டு வாங்குங்க, ஒரு தடவை வந்தவங்களுக்கு திரும்ப வர வாய்ப்பு அதிகம், அடுத்த தடவை மயக்க மருந்து குடுக்கறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.