தமிழ் சப்டைட்டிலில் டார்ஸி எப்போது ‘நீ’ சொல்லலாம்?

ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’. தமிழில் நீயா, நீங்களா? சென்னையில் ஒரு திரைப்படக் குழு ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து எடுத்த 1995 பிபிசி தொடரான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’க்குத் தமிழ் சப்டைட்டில் எழுத உட்கார்ந்தால் முதல் சிக்கல் இதுதான். நாயகன் டார்ஸிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு, நாயகி எலிசபெத் பென்னட்டின் அப்பாவுக்கு 2,000. அந்த இடைவெளியை வினைமுற்றே சுமக்க வேண்டும்.

டார்ஸி முதலில் மணம் கேட்கும் காட்சியில் இருவருக்கும் ‘நீங்க’தான். அங்கே ‘நீ’ போட்டால் மரியாதைக்குள் ஒளிந்திருக்கும் அவருடைய செருக்கு காணாமல் போகும். மனம் ஒத்துப்போன பிறகு ‘நீ’ என்று மாற்றுங்கள், அந்த ஓர் எழுத்து அவ்வளவு இனிக்கும்! எலிசபெத் மட்டும் டார்ஸியிடம் கடைசிவரை ‘நீங்க’ என்றே பேசட்டும்.

‘மிஸ் பென்னட்’ என்றால் எலிசபெத்தின் அக்கா, மூத்தவள் ஜேன். அக்கா கூட இருக்கையில் தங்கை ‘மிஸ் எலிசபெத்’. வேலைக்காரர்கள் வாயில் ‘எஜமான்’ வேண்டாம், நம் ஜமீன் படவாடை வந்துவிடும்.

தமிழில் வினை கடைசியில் வரும். எலிசபெத் டார்ஸியை மறுக்கும் நீண்ட வாக்கியத்தை இரண்டு சப்டைட்டிலாக உடைத்தால், நடிகையின் முகம் மாறிய பிறகுதான் ‘மறுக்கிறேன்’ திரையில் தெரியும். மறுப்பைத் தனிச் சிறு வாக்கியமாக்கி முன்னால் வையுங்கள்.