பட்டப்பெயருக்குக் காவல், சிகிச்சைக்கு யார் காவல்?

அமெரிக்காவில் உணவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் இருப்பதால், எல்லை தாண்டினால் விதியும் மாறிவிடுகிறது. நியூயார்க்கில் நடைமுறையில் இருப்பது சான்றளிப்பு முறை. உரிய படிப்பும் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்கள் மட்டுமே தங்களைச் சான்று பெற்ற டயட்டீஷியன் (உணவியல் வல்லுநர்) என்றோ, சான்று பெற்ற நியூட்ரிஷனிஸ்ட் (ஊட்டச்சத்து வல்லுநர்) என்றோ அழைத்துக்கொள்ளலாம். ஆனால் சான்று இல்லாதவர் ஆலோசனை சொல்வதை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. புளோரிடாவிலோ உரிம முறை. அங்கே பட்டப்பெயரோடு சேர்த்துத் தொழிலுக்கும் வேலி உண்டு.

பட்டப்பெயரை மட்டும் காப்பது போதாது என்றே நான் கருதுகிறேன். உடலுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படும் கீரைச் சாறும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் நிறைந்தவை. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவரின் உடல் அந்தப் பொட்டாசியத்தைப் போதிய அளவில் வெளியேற்றாது. அது இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறி உயிருக்கு ஆபத்தாகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். இவர்களுக்கு உணவுப் பட்டியல் எழுதுவது சிகிச்சையின் ஒரு பகுதியே. தேசிய அளவிலான டயட்டீஷியன் பதிவுக்குக் குறைந்தது 1,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும், 2024 ஜனவரி முதல் புதிதாகத் தேர்வெழுதுவோருக்கு முதுகலைப் பட்டமும் கேட்கப்படுவதை அதனால்தான் மிகை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே சமயம், வேலியை எங்கே போடுவது என்பதில் மாநிலங்கள் தடுமாறியும் இருக்கின்றன. வட கரோலினாவில் நீரிழிவுக்குத் தாம் கடைப்பிடித்த உணவுமுறையை வலைப்பதிவில் எழுதி, வாசகர்களுக்கும் அறிவுரை கூறிய ஒருவரின் எழுத்தை, 2012இல் உணவு ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அம்மாநில வாரியம் உரிமமற்ற தொழிலாகக் கருதியது. அவர் பேச்சுரிமை கோரி வழக்குத் தொடுத்தார். தன் அனுபவத்தை எழுதுபவரையும், கட்டணம் வாங்கிக்கொண்டு நோயாளிக்கு உணவு விதிப்பவரையும் ஒரே தட்டில் வைத்தது தவறு. புளோரிடாவில் கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கிய உடல்நலப் பயிற்றுநர் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்ட வழக்கில், உரிமச் சட்டம் செல்லும் என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே, 2020இல், அந்த மாநிலம் தன் சட்டத்தைத் தளர்த்தியிருந்தது: மருத்துவரின் கவனிப்பில் உள்ள நோய்க்கான உணவுச் சிகிச்சையாக இல்லாமலும், உரிமம் பெற்றவர் போலக் காட்டிக்கொள்ளாமலும் இருந்தால், உரிமம் இல்லாதவரும் ஆலோசனை கூறலாம்.

எனக்கு இதுவே சரியான கோடாகப் படுகிறது. எடை குறைக்க விரும்பும் நலமான ஒருவர் யாரிடம் கேட்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். நோயாளியின் தட்டில் கைவைப்பவருக்கு மட்டும் அரசின் அங்கீகாரம் கட்டாயமாகட்டும். முதியோருக்கான மத்திய மருத்துவக் காப்பீடான மெடிகேர், நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்குமான உணவுச் சிகிச்சைக்கு 2002 முதல் பணம் கொடுத்து வருகிறது. அந்தச் சேவையை அளிப்பவர் மாநிலத்தின் உரிமமோ சான்றோ பெற்றவராக இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைத்திருக்கிறது. பணம் கொடுப்பதற்கு மத்திய அரசு கேட்கும் இந்தத் தகுதியை, சொந்தப் பணம் செலவழித்து ஆலோசனை பெறும் நோயாளிக்கு நியூயார்க் சட்டம் உறுதிசெய்யவில்லை. அங்குள்ளவர்கள் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் ஆலோசகரின் பெயரைத் தேடி, சான்று இருக்கிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம். சட்டம் திருத்தப்படும் வரை, நோயோடு ஆலோசனை தேடுபவர்கள் முதல் சந்திப்புக்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.