ஞாயிறு மாத்திரை

ஜூன் 1, 2025, ஞாயிறு, காவேரிப்பட்டணம்

அக்கா மகள் பாப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்ற வகை. இன்று அதற்கான மீத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரு தடவைதான். தவறி தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் அக்கா தினக் காலண்டரில் ஞாயிறுகளைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். மாத்திரை விழுங்கியதும் பாப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றால் காம்போடு ஒரு மாம்பழப் படம்.

ஜூன் 4, புதன்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் பையனின் சித்தப்பாவைப் பார்த்தேன். பெங்களூர் புற்றுநோய் வார்டில் பழக்கம். பையன் சித்திரையில் இறந்துபோய்விட்டானாம்.

முதல் மாத ஊசிகள் முடிந்து, எலும்பு மஜ்ஜையில் நோய் தெரியவில்லை என்றதும் "குணமாயிடுச்சு" என்று ஊருக்குக் கூட்டிப் போனவர்கள். மைக்ராஸ்கோப்பில் தெரியாவிட்டாலும் கோடிக்கணக்கில் செல்கள் ஒளிந்திருக்கும், அதற்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து. கூலி வேலை, வீட்டில் இன்னொரு கைக்குழந்தை. அவர்களை எப்படிக் குறை சொல்வது? அக்காவிடம் சொல்லவில்லை, மாமாவிடம் மட்டும் சொன்னேன்.

1948-ல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் முதன்முதலாக மருந்தால் இந்த நோயைத் தணித்துக் காட்டினார். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. இன்று பணக்கார நாடுகளில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ குழந்தைப் புற்றுநோய்க்கு 2030-க்குள் உலகம் முழுக்க 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் பென்னாகரம் பையன் விழுந்தான்.

ஜூன் 9, திங்கள்

ராத்திரி பதினொன்றுக்கு போன். "தம்பி, வண்டியை எடு. நூறு புள்ளி எட்டு காட்டுது." அக்கா மாமியார், "ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்க வை, விடிஞ்சு பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். வேறு பிள்ளை என்றால் சரிதான். மருந்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்கு, விடிவதற்குள் கிருமி ரத்தத்தில் பரவிவிடலாம். நம் பக்கத்தில் நோயைவிடக் காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டும் என்பேன். அரசு மருத்துவமனையில் அக்கா ஃபைலை நீட்டி, "கீமோ பிள்ளை சார்" என்றாள், அவ்வளவுதான். உடனே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கிருமியோடு போராடும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில் வெறும் 400.

ஜூன் 13, வெள்ளி

காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்தாச்சு. வெள்ளையணுக்களின் கவுண்ட் ஏறும்வரை மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள்.

பள்ளிக்குப் போய், வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் உடனே சொல்லுங்கள், இவளுக்கு அது ஆகாது என்றேன். டீச்சர் சற்று யோசித்து, "பக்கத்து கிளாஸ்ல ஒருத்தனுக்குப் போட்டிருக்கே சார்" என்றார். ஆக, இந்த மாதம் பள்ளி கிடையாது. பாப்பாவிடம் இதைச் சொல்லும் வேலை என் தலையில்.