பஸ் பாதியில் நிற்கும் நாளில் எல்லை தாண்டுவது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி, மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் நமக்கு ரேஷன் கார்டும் தாலுகா ஆபீசும் கேரளத்தில், பெரிய ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில், சந்தை பொள்ளாச்சியில். வாரத்தில் மூன்று நாலு தடவை எல்லை தாண்டாமல் பிழைப்பு ஓடாத வீடுகள் நிறைய. ஹர்த்தால் என்கிற முழு அடைப்போ பஸ் வேலைநிறுத்தமோ நிபா காய்ச்சல் பரிசோதனையோ வந்தால் முதலில் அடிபடுவது இந்த வீடுகள்தான்.

பஸ் இல்லாத நாளுக்கு ஒரு தயாரிப்பு, நோய் பரவும் காலத்துக்கு ஒரு தயாரிப்பு என்று பலரும் இதைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. மணிக்கு நாலு பஸ் ஓடும் வழியில் இரண்டு நின்றால், மிச்ச இரண்டில் எல்லாரும் ஏறுவார்கள். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் நூறு பேர். அதே காற்றை இரட்டிப்புப் பேர் மூச்சு விடுகிறார்கள், அதுவும் தோளோடு தோள் ஒட்டி. ஆகவே நெரிசலில் ஏறியே தீர வேண்டிய நிலைக்கு நாம் போய் மாட்டாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. மாஸ்க் அதற்கு அடுத்தது.

கொரோனா காலம் இதைக் கண்ணெதிரே காட்டியது. 2020 மார்ச்சில் நின்ற தமிழ்நாடு–கேரளப் பஸ் போக்குவரத்தை, 2021 டிசம்பர் 1 முதல்தான் தமிழ்நாடு மறுபடி அனுமதித்தது. இடையில் ஊரடங்கு தளர்ந்த மாதங்களில் இந்தப் பக்கத்து வண்டி எல்லை வரை, அந்தப் பக்கத்து வண்டி எல்லையிலிருந்து என்று ஓடியது. நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஓடும் பஸ்ஸில் இருந்த ஆபத்தைவிட அந்த மாறும் இடத்தில் இருந்த ஆபத்து பெரியது. 2020 மே மாதம் எல்லை தாண்டும் பாஸ் இல்லாமல் வாளையார் செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்தவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், அன்று அங்கே கூடியிருந்த பலரும் தனிமையில் இருக்க வேண்டியதாயிற்று.

இனி நடைமுறை. எது நிற்கும், எது ஓடும் என்பதைத் தடைக்குத் தடை தனியாகத் தெரிந்துவைக்க வேண்டும்.

ஹர்த்தால் என்றால் பெரும்பாலும் காலை 6 முதல் மாலை 6 வரை. தனியார் பஸ் ஓடாது. கேரள அரசு பஸ் ஓடினாலும் ஒன்றிரண்டுதான், போலீஸ் பாதுகாப்போடு. தமிழ்நாட்டு பஸ் எல்லையிலேயே திரும்பிவிடும். ரயில் பொதுவாக ஓடும், ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வண்டி கிடைக்காது. ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் அறிவிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் உத்தரவு போட்டது. ஆனாலும் திடீர் ஹர்த்தால் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆகவே ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை மலையாளச் செய்தி பார்த்துவிட்டுப் படுப்பது நல்லது. ஆஸ்பத்திரி, பால், பத்திரிகை வண்டிகளுக்கு வழக்கமாக விலக்கு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அப்பாயின்ட்மென்ட் சீட்டைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எடுத்துப் போங்கள். வழியில் நிறுத்துகிறவர்களிடம் போனைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரு தாளை நீட்டுவது சுலபம்.

தனியார் பஸ் மட்டும் வேலைநிறுத்தம் என்றால் அரசு பஸ் ஓடும். நம் சித்தூர் தாலுகாவின் உள்வழிகள் தனியார் பஸ்ஸை நம்பித்தான் இருக்கின்றன, அதனால் அன்றைக்கு மெயின் ரோடு வரை வருவதே பெரும்பாடு. அந்த முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்குத் தெரிந்த ஆட்டோக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

ரயிலில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பாலக்காடு–கஞ்சிக்கோடு–வாளையார்–எட்டிமடை–போத்தனூர்–கோவை. இன்னொன்று பாலக்காடு டவுன்–புதுநகரம்–கொல்லங்கோடு–மீனாட்சிபுரம்–பொள்ளாச்சி. 2015ல் அகலப்பாதையாகத் திறந்த இந்த இரண்டாவது வழியில் வண்டிகள் குறைவு, எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. நோய்க்காலத்தில் எனக்குப் பிடித்தது மெமு என்கிற குறுந்தூர மின்சார ரயில். ஜன்னல் முழுக்கத் திறக்கும், கதவு அகலம், ஏசி கிடையாது. அதன் குறை, தண்டவாள வேலை வந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். முழு ரத்து இல்லாவிட்டாலும் பாதியில் முடிப்பார்கள்: கோவை போக வேண்டியது போத்தனூரோடு நிற்கும். போத்தனூரில் இறங்கினால் கோவை உக்கடத்துக்கு டவுன் பஸ் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்தால் பதற வேண்டியதில்லை. வண்டி எங்கே வருகிறது என்பதை 139க்குப் போன் செய்து கேட்கலாம். ராத்திரியில் கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில் யானை கடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கு இப்படி. பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க எட்டு மணி பஸ் போதும் என்றால், தடை நாளில் ஆறரைக்கே கிளம்புங்கள். மிச்சமாகும் ஒன்றரை மணி நேரம் ஒரு நெரிசல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பதற்கான நேரம். நேரம் கையில் இல்லாதவர்தான் படிக்கட்டில் தொங்குகிறார். ஹர்த்தால் நாள் என்றால் ஆறு மணிக்கு முன்பே எல்லை தாண்டியிருக்க வேண்டும். டயாலிசிஸ் போகிறவர்கள் முந்தின நாளே சென்டருக்குப் போன் செய்து நேரத்தை மாற்றிக் கேளுங்கள். ஒரு வேளையைத் தவறவிடக் கூடாது. அவசரம் என்றால் இரண்டு மாநிலத்திலும் 108.

இப்போது மாஸ்க். எவ்வளவு எழுதினாலும் போதாது என்று நான் நினைக்கும் விஷயம் இது, ஏனென்றால் வாங்குவதில் எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள், போடுவதில் கோட்டை விடுகிறார்கள். என்95 அல்லது எஃப்எஃப்பி2 வாங்கும்போது உறையில் ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். முன்னால் பிளாஸ்டிக் வால்வு வைத்தது வேண்டாம். நாம் விடும் மூச்சை அது வடிகட்டாமல் வெளியே விடும், பக்கத்தில் இருப்பவருக்குப் பயன் இல்லை. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை நன்றாக அழுந்தும். மேல்பட்டை உச்சந்தலையை ஒட்டி, கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே கழுத்தில்.

மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாதீர்கள். கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடங்கி இரண்டு பக்கமும் சந்து விழும். இரண்டு கை ஆள்காட்டி விரலையும் மூக்குத்தண்டின் மேல் வைத்து, அங்கிருந்து கன்னம் வரை தடவி அழுத்துங்கள். பிறகு உள்ளங்கை இரண்டையும் மாஸ்க் மேல் பொத்தி வேகமாக ஊதுங்கள். கண்ணில் காற்று பட்டால் மூக்குப் பக்கம் சந்து இருக்கிறது. கன்னத்தில் பட்டால் பட்டை தளர்ந்திருக்கிறது. கண்ணாடி போடுகிறவருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு, கண்ணாடியில் ஆவி படிந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் சரியாக ஒட்டாது.

இந்த மாஸ்க்கைத் துவைக்கக் கூடாது, சானிடைசர் அடிக்கவும் கூடாது. அதன் நூலிழைகளில் உள்ள நிலைமின்சாரம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கெடுத்துவிடும். நாலைந்து வாங்கி, ஒவ்வொன்றையும் காகிதக் கவரில் போட்டு, கவர் மேல் கிழமையை எழுதி, முறை வைத்துப் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் காயாது. பட்டை தொய்ந்தாலோ கம்பி முறிந்தாலோ தூக்கி எறியுங்கள். ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு வெயிலிலும் ஜூன் மழையிலும் மாஸ்க் நனைந்துவிடும், நனைந்ததில் மூச்சு இழுக்கவே சிரமம். ஆகவே ஒரு பயணத்துக்கு மூன்று: முகத்தில் ஒன்று, மாற்ற ஒன்று, மாஸ்க் இல்லாமல் இருமுகிற பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுக்க ஒன்று. என்95 கிடைக்காவிட்டால் உள்ளே சர்ஜிக்கல் மாஸ்க், அதன் மேல் இறுக்கமான துணி மாஸ்க்.

பஸ்ஸுக்குள் பார்க்க வேண்டியது காற்று. கேரளத்துப் பஸ்கள் பலவற்றில் கண்ணாடிக்குப் பதில் ஷட்டர் இருக்கும், சுருட்டிக் கட்டிய தார்ப்பாய் மாதிரி. வெயில் நாளில் இதைவிட நல்ல ஜன்னல் கிடையாது, பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கும். நாலு துளி விழுந்தால் போதும், முன்சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை படபடவென்று இறங்கிவிடும். அடுத்த நிமிஷமே வண்டி மூடிய பெட்டி ஆகிவிடும். மழை எப்போதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. சாரல் அடிக்காத பக்கத்து ஷட்டரைப் பாதி வரை தூக்கச் சொல்லுங்கள், அடிக்கிற பக்கத்திலும் அடியில் நாலு விரல் சந்து விடலாம். மடி கொஞ்சம் நனையும், பரவாயில்லை. கண்டக்டரிடம், “சேட்டா, ஷட்டர் கொறச்சு பொக்காமோ” என்று மலையாளத்திலேயே கேட்டால் பெரும்பாலும் அவரே வந்து தூக்கிவிடுவார். தமிழ்நாட்டு பஸ்ஸில் நகரும் கண்ணாடி. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது, இரண்டு பக்கமும் திறந்தால்தான் காற்று ஊடே ஓடும்.

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டி மோசம். செக்போஸ்ட்டில் இன்ஜினை அணைத்து இருபது நிமிஷம் போட்டால், ஜன்னல் திறந்திருந்தும் காற்று அசையாது, உள்ளே நூறு பேர் மூச்சு. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடமோ கதவில் நிற்கும் ‘கிளி’ என்கிற உதவியாளரிடமோ சொல்லிவிட்டு இறங்கி வெளியே நில்லுங்கள். தண்ணீர் குடிக்க, மாத்திரை போட மாஸ்க்கைக் கழற்றுவதும் அப்போதுதான், வண்டிக்குள் வேண்டாம். போனில் சத்தமாகப் பேசுகிறவரின் முன்சீட்டு காலியாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். பேச்சில் தெறிப்பது சும்மா மூச்சு விடுவதைவிட மிக அதிகம்.

பஸ் கிடைக்காமல் நாலு பேர் சேர்ந்து டாக்ஸி பிடித்தால், ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாஸ்க்கைக் கழற்றுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. கார் சின்ன இடம், பஸ்ஸைவிட ஆபத்து கூடுதல். நாலு கண்ணாடியும் இறக்குவதே நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் குறுக்காகத் திறங்கள். நீங்கள் பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால், உங்கள் எதிரே உள்ள பின் வலது கண்ணாடியும் டிரைவருக்கு எதிரே உள்ள முன் இடது கண்ணாடியும். இரண்டு பேருக்கும் நடுவில் காற்றுத் திரை மாதிரி ஓடும்.

நிபா வந்தால் கணக்கு வேறு. 2018ல் கோழிக்கோட்டில் வந்தது முதல் கேரளத்தில் அது பல தடவை தலைகாட்டிவிட்டது; ஒவ்வொரு தடவையும் தமிழ்நாட்டு எல்லையில் காய்ச்சல் பார்க்கிறார்கள். கொரோனா மாதிரி இது காற்றில் சுலபமாகப் பரவாது. நோயாளியின் உடல் நீர் படும்படி நெருங்கிப் பழகியவருக்கும், வௌவால் கடித்த பழம் தின்றவருக்கும்தான் பெரும் ஆபத்து. ஆகவே கேரளத்திலிருந்து வருகிறார் என்பதற்காகப் பஸ்ஸில் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்வது நியாயமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் கடிபட்ட, கொத்துப்பட்ட பழம் வாங்காதீர்கள். நம் சித்தூர்ப் பக்கத்துக்காரர்கள் திறந்த பானையில் இறக்கிய கள்ளையும் அந்தச் சமயத்தில் தவிர்க்க வேண்டும். நோயாளியோடு தொடர்பில் இருந்தவர் 21 நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும், பஸ்ஸே ஏறக் கூடாது. கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். காய்ச்சல் இருக்கும்போது பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஸ்கேனரை ஏமாற்றிப் போகிறவர் ஒரு வண்டி ஜனத்தையே ஆபத்தில் விடுகிறார்.

பையில் என்ன வேண்டும்? இரண்டு நாளைக்கு மாத்திரை, ஒரு லிட்டர் தண்ணீர், குடை, பத்தும் இருபதுமாக இருநூறு ரூபாய்ச் சில்லறை. எல்லையில் சிக்னல் படுத்தும், யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். ஆதார் நகல், டாக்டர் சீட்டு, தடுப்பூசிச் சான்றிதழ் மூன்றும் ஒரே கவரில். 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் அல்லது இரண்டு டோஸ் சான்றிதழ் தமிழ்நாடு கேட்டபோது, தாளில் வைத்திருந்தவர்களுக்குச் செக்போஸ்ட்டில் வேலை சீக்கிரம் முடிந்தது.

திரும்பும்போது இன்னொன்று. ஹர்த்தால் மாலை ஆறு மணிக்கு முடிந்ததும் பகல் முழுக்கக் காத்திருந்த ஜனம் மொத்தமும் முதல் பஸ்ஸில் ஏறும். அதை விட்டுவிடுங்கள். பின்னாலேயே அடுத்தடுத்து வண்டிகள் கிளம்பும். மூன்றாவது வண்டியில் ஜன்னலோர சீட்டு கிடைக்கும்.