ஒளிக்கிறதுக்கு ஒரு இடம்

"அக்கா, துவக்கு வேண்டாமெண்டா வேண்டாம். எனக்கு அது பிரச்சினையில்ல. ஆனா ஒளிக்கிறதுக்கு ஒரு இடமும் இல்லையே. மண்வெட்டி கையில இருக்குதானே, அதால ஏன் ஒரு கிடங்கு வெட்டேலாது?"

நாங்கள் செய்துகொண்டிருந்த கேமை விளையாடிப் பிழை பார்க்கிற எங்கள் டெஸ்டர் சொன்னது இது. சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. நான் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது. "நல்ல ஐடியா தம்பி. ஆனா இந்த ரிலீசுக்குள்ள ஏலாது." அவன் தலையாட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்காது. அன்று பின்னேரம் நான் கேமுக்குப் பணம் போடும் பப்ளிஷருக்கு ஒரு மெயில் எழுதினேன். அந்த மெயிலால்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு மாதமாக அந்தக் கேமில் துவக்கு வரக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவள் நான்தான். வேலையைக் காட்டிப் பணம் வாங்குகிற ஒவ்வொரு மைல்ஸ்டோனிலும், ஆயுதம் எப்போது வரும் என்று பப்ளிஷர் கேட்பார்கள். வராது என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஆள் இல்லாமல் போன ஒரு ஊர், ஒரு பெண், அவளுடைய தம்பி. பகலில் மரவள்ளி நடவேண்டும், கிணற்றில் தண்ணீர் அள்ளவேண்டும், இரவில் வருகிறவர்களிடமிருந்து தப்பவேண்டும். கையில் துவக்கு வந்த மறு நிமிஷமே விளையாடுகிறவருக்கு மரவள்ளி மறந்துபோகும். இருட்டில் நடமாடுகிற ஆள் ஆளாகத் தெரியமாட்டான், குறியாகத்தான் தெரிவான். இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

எனக்குத் துணைக்கு எப்போதும் சப்னாட்டிகா என்ற கேமை அழைத்து வருவேன். 2012 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 பிள்ளைகளும் பெரியவர்கள் 6 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் அடுத்த கேமாக சப்னாட்டிகாவை யோசித்துக்கொண்டிருந்த அதன் இயக்குநர் சார்லி கிளீவ்லண்ட், அதில் துவக்கு வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். துவக்கு குறைந்த ஓர் உலகத்துக்குத் தான் போடும் வாக்கு இது என்ற கருத்தில் பிறகு எழுதினார். அவருடைய நிறுவனம் அதற்குச் சற்று முன்னர் வெளியிட்டது நச்சுரல் செலெக்ஷன் 2, சுடுகிற கேம். அப்படிப்பட்டவர்கள் எடுத்த முடிவு என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். 2018இல் சப்னாட்டிகா முழுமையாக வெளிவந்து நன்றாக விற்றது. மீட்டிங்கில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவரின் குரல் கொஞ்சம் இறங்கும்.

அங்கே நான் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. நான் கொழும்பில், வெள்ளவத்தையில் வளர்ந்தவள். சின்ன வயதில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கும்போது, அம்மா கைப்பையில் ஐடென்டிடி கார்டைத் தேடுவார். அந்த நேரத்தில் என் கண் மட்டத்தில் இருந்தது சிப்பாயின் முகமோ கையோ இல்லை, கீழ்நோக்கித் தொங்கிய டி-56 துவக்கின் வாய். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தும் இருக்கலாம். நான் அண்ணாந்து பார்த்ததேயில்லை. துவக்கு என்றால் எனக்கு இன்றும் அந்த உயரம்தான். நான் செய்கிற ஒன்றுக்குள் அது வரக்கூடாது என்று நினைப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

சரி, அவன் சொன்னதற்கு வருகிறேன். அவன் ஊர் முல்லைத்தீவுப் பக்கம். 2009இல் அவனுக்குப் பத்து வயது இருந்திருக்கும். இதை நான் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அவன் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. மூன்று நாளாக கேமின் அப்போதைய பில்டை, அதாவது அதுவரை செய்துமுடித்த பதிப்பை, விளையாடியிருந்தான். மூன்றாம் இரவைத் தாண்டவே முடியவில்லை. ஓடினால் பிடிக்கிறார்கள், வீட்டுக்குள் இருந்தால் கதவை உடைக்கிறார்கள். நாங்கள் அதைத்தான் பதற்றம் என்று பேர் வைத்து ரசித்துக்கொண்டிருந்தோம்.

அவன் கேட்டது ஒழுக்கம் பற்றிய கேள்வி இல்லை, வடிவமைப்புக் கேள்வி. அது எனக்கு வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் உறைத்தது. கொள்ளுப்பிட்டியில் ஏறினால் வெள்ளவத்தை வரை ஒரு பக்கம் கடல். சப்னாட்டிகாவில் துவக்கு இல்லை என்று எட்டு மாதமாகச் சொன்னவள், அங்கே கடல் இருக்கிறது என்பதை யோசிக்கவேயில்லை. அதில் மேலே போகலாம், கீழே போகலாம், எந்தப் பக்கமும் நீந்தலாம், பாறை இடுக்கில் நுழையலாம். பிறகு சின்ன நீர்மூழ்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடலாம். துவக்கு இல்லையே தவிர கை வெறுங்கையும் இல்லை. கத்தி உண்டு, எதிரில் வருவதை உறைந்து நிற்கவைக்கிற ஸ்டேசிஸ் ரைபிள் உண்டு. அந்த இரண்டை வைத்தே லெவியாதன் என்ற பெரிய கடல் மிருகத்தைக் கொன்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2010இல் வந்த அம்னீசியா என்ற திகில் கேமில் ஆயுதமே கிடையாது. ஆனால் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஏலியன் ஐசொலேஷன் என்ற கேமில் துரத்தி வருகிற வேற்றுக்கிரக ஜந்துவைக் கொல்லவே முடியாது, கையில் ரிவால்வர் இருந்தும் பிரயோசனமில்லை. ஆனால் லாக்கர் இருக்கிறது, மேசைக்கடி இருக்கிறது. பனிக்காட்டில் உயிர்பிழைக்கிற த லோங் டார்க் கேமின் இன்டர்லோப்பர் என்ற கடினமான நிலையில் துவக்கே கிடைக்காது, ஆனால் வில்லை நீங்களே செய்துகொள்ளலாம், ஓநாயை நெருப்பைக் காட்டி விரட்டலாம். கேமிலிருந்து கொல்லும் ஆயுதத்தை எடுத்துவிட்டவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். நான் எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் அந்த வெறும் இடத்தைக் காட்டி, இது எங்கள் கொள்கை என்று பேசினேன்.

அன்றைய மெயிலை அந்த ரயிலுக்கு முன்னாலேயே அனுப்பியிருந்தேன். அதில் டெஸ்டரின் கருத்து என்று நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "விளையாடுபவர் கையாலாகாத நிலையில் இருப்பதாக உணர்கிறார். தற்காப்புக்கு ஏதாவது தேவை." முதல் வாக்கியம் அவன் சொன்னதற்குக் கிட்ட இருக்கிறது. இரண்டாவது என்னுடையது. தற்காப்பு என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவேயில்லை. அவன் ஒளிக்க இடம் கேட்டான். நான் அதைத் தற்காப்பு என்று எழுதினேன். பப்ளிஷர் அதைத் துவக்கு என்று வாசித்தார்கள். அடுத்த நாள் காலையில் பதில் வந்தது: நல்லது, உங்களுடைய ஆளே சொல்லிவிட்டார், சேர்த்துவிடுங்கள். நான் மறுத்து எழுதவில்லை.

ஏன் மறுக்கவில்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் உண்டு. அவை பொய்யான காரணங்களும் இல்லை. கிடங்கு வெட்டுவது என்றால் தரையையே மாற்றவேண்டும். எங்கள் கேமின் தரை ஒரே துண்டு மெஷ், அதாவது ஒரே வலைப்பரப்பு, அதில் ஓட்டை விழாது. விழவைத்தால் எதிரிகள் எங்கே நடக்கலாம் என்று சொல்லும் நேவ்மெஷை ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் குழிக்கு மேலே காற்றில் நடப்பார்கள். குனிகிற, படுக்கிற, தம்பியை இறக்கிவிடுகிற அனிமேஷன் எல்லாம் புதிதாக வேண்டும். இரண்டு மாதம், குறைந்தது. துவக்கோ, கேமுக்குத் தேவையான பொருட்களை விற்கிற அசெட் ஸ்டோரில் தயாராக விற்கிறது. மூன்று நாளில் வேலை செய்தது. அந்த மைல்ஸ்டோன் பணம் ஒன்பது பேருடைய சம்பளம். 2022இல் டொலர் சில மாதங்களில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டிப் போனதையும், கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறியதையும் பார்த்தவர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு மைல்ஸ்டோன் பணம் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்த நிலைமையில் இரண்டு மாதம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ஆனால் நான் கேட்கவேயில்லை. கேட்டு அவர்கள் இல்லையென்று சொல்லியிருந்தால் அது வேறு.

துவக்கை வைத்தபோதும் மனசாட்சிக்காகச் சில வேலைகள் செய்தேன். ரவுண்ட்ஸ், அதாவது தோட்டா, மூன்றுதான், முழுக் கேமுக்கும். சுட்டால் சத்தம் கேட்டு இன்னும் ஆட்கள் வருவார்கள். சுட்ட பிறகு தம்பி இரண்டு நாள் பேசமாட்டான். கடைசி யோசனை திஸ் வோர் ஒஃப் மைன் தந்தது. சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துப் போலந்துக்காரர்கள் 2014இல் செய்த கேம் அது. அதில் ஆயுதம் உண்டு. ஆனால் ஒன்றும் செய்யாத ஒருவரைக் கொன்றுவிட்டு வந்தால், கொன்றவர் சோர்ந்து உடைந்துபோகலாம். ஆயுதத்தைக் கொடுத்தும் நேர்மையாக இருக்கலாம் என்பதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் அதுதான். ஆகவே துவக்கே தப்பு என்று நான் இப்போது சொல்லமாட்டேன். இதை எழுதும்போது, முன்னால் எழுதியதோடு இது முட்டுகிறது என்று தெரிகிறது. இரண்டையுமே நான் நம்புகிறேன்.

எங்கள் கேமில் அது வேலை செய்யவில்லை. துவக்கு வந்த பில்டில் எல்லாரும் மூன்று ரவுண்ட்ஸையும் கடைசிவரை சேமித்துவைத்து, கடைசி இரவில் மூன்று பேரைச் சுட்டார்கள். தம்பி பேசாமல் இருப்பதை ஒருவர் பிழை என்று ரிப்போர்ட் பண்ணினார்.

அவன் துவக்கையும் டெஸ்ட் பண்ணினான். அவனுடைய வேலை அது. அவன் எழுதிய ரிப்போர்ட்டுகளில் ஒன்றை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "தூரத்திலிருந்து எங்களை நோக்கிச் சுடும்போது வெடிச்சத்தம் முதலில் வருகிறது. பிழை. முதலில் ரவுண்ட்ஸ் சீறிக்கொண்டு போகும் சத்தம், அதற்குப் பிறகுதான் வெடித்த சத்தம் வரவேண்டும்." சவுண்ட் செய்தவர் தேடிப் பார்த்துவிட்டு, சரிதான் என்றார். ரைபிள் ரவுண்ட்ஸ் ஒலியைவிட வேகமாகப் போகிறது, ஒலி ஒரு செக்கனுக்கு 340 மீட்டர் அளவில் பின்னால் வருகிறது. ஆகவே சீறல் முன்னே, வெடி பின்னே. மாற்றிவிட்டோம். இது அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதிலிருந்துதான் அந்தக் கிடங்கை நான் வேறு மாதிரி நினைக்கத் தொடங்கினேன். அவன் ஊர் இருக்கிற வன்னியில் யுத்த காலத்தில் வீட்டுக்கு வீடு பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டியிருந்தார்கள், இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் திரும்பத் திரும்ப வெட்டினார்கள் என்று நாங்கள் கொழும்பில் இருந்து கேள்விப்பட்டிருக்கிறோம். மண்வெட்டியைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் தோன்றியது அது. அதே மண்வெட்டியில் எனக்குத் தோன்றியது மரவள்ளி.

இப்படி நினைத்துவிட்டு உடனே சந்தேகமும் வருகிறது. மைன்கிராஃப்ட் விளையாடிய எந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள், முதல் இரவு என்ன செய்வாய் என்று. குன்றைக் குடைந்து உள்ளே போய் வாசலை மண்ணால் மூடிக்கொள்வேன் என்றுதான் சொல்லும். அவன் ஒரு கேமர். அந்தப் பழக்கத்தில் கேட்டிருக்கலாம். சத்தத்தின் விஷயத்தைக்கூட வேறொரு கேமிலிருந்து தெரிந்திருக்கலாம். ஊரையும் வயதையும் வைத்து ஒருவனுடைய கேள்விக்குள் ஒரு முழு யுத்தத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு என்ன உரிமை? அவன் சொன்னதை நான் ஏற்கெனவே ஒரு தடவை மாற்றி எழுதினேன். இப்போது இன்னொரு விதத்தில் மாற்றி எழுதுகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

எதுவாக இருந்தாலும் அவன் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் அவனுடைய ஊரில் இல்லை, எங்களுடைய பில்டில் இருந்தது. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். அந்த மெயிலைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். நான்கு மாதம் பக்கத்து மேசையில் இருந்தான். பிளேன்டீ குடிக்கக் கீழே போகும்போது எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. பிறகு அவன் வேறு வேலைக்குப் போனான். போகும்போது, "நல்ல கேம் அக்கா" என்றான். அதை மரியாதைக்குச் சொன்னானா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கேம் துவக்கோடுதான் வெளிவந்தது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டு மாதமாக இரவில் வீட்டு கம்ப்யூட்டரில் அந்தக் கிடங்கைச் செய்துகொண்டிருக்கிறேன், யாருக்கும் கொடுப்பதற்காக இல்லை. தரையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக மாற்றியாயிற்று. மண்வெட்டி வெட்டுகிறது. உள்ளே இறங்கித் தம்பியையும் இறக்கி, மேலே ஓலையும் மண்ணும் போட்டு மூடலாம். மூடினால் திரை முழுக்க இருட்டு. பார்க்க ஒன்றுமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை. சத்தம் மட்டும்தான். காலடி கிட்ட வருகிறது, தலைக்கு மேலே நிற்கிறது.

எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று அங்கே ஒரு எண் போடவேண்டும். 10 செக்கன் போட்டுப் பார்த்தேன், விளையாட்டுப் போல இருந்தது. 90 போட்டேன், என்னாலேயே இருக்க முடியவில்லை. அவனுடைய நம்பர் என் போனில் இருக்கிறது. இப்போதைக்கு 40 என்று போட்டு வைத்திருக்கிறேன்.