பின்சக்கரத்தின் கோட்டம்

இன்று மாலை சூளைமேட்டுக் கடையில் என் மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றிய பெரியவர், ரிம்மின் ஓரத்தில் ஒரு சாக்பீஸைப் பிடித்தபடி காத்திருந்தார்.

ஓரிடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது.

ரிம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆரக்கம்பியின் நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு திருகை, கால் சுற்று இறுக்கினார். பிறகு ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, வீணைத் தந்தியைச் சுருதி பார்ப்பவர் போல ஓசையைக் கவனித்தார்.

"கம்பி தாங்குறதில்ல சார், இழுக்குது."

ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமனே உள்ள கம்பி அழுத்தினால் வளைந்துவிடும் என்பதால், எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுவிசையில் இறுக்கப்பட்டிருக்கின்றன. நாம் ஏறி அமரும்போது தரையை ஒட்டிய கம்பிகளில் அந்த இழுவிசை குறைகிறது, அவ்வளவே. கம்பிகள் அச்சிலிருந்து நேராகக் கிளம்பாமல், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் விளிம்பிலிருந்து சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கே கடப்பது, மிதிக்கும் விசை ரிம்மை இழுவிசையாகவே சென்றடைவதற்காக. ஆங்கிலேய மிதிவண்டி வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பை நான் பெரிதும் வியக்கிறேன்.

தளர்ந்த கம்பியோடு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன். அதன் பங்கையும் பக்கத்துக் கம்பிகள் சுமந்திருக்கின்றன.

பெரியவர் மீண்டும் சுழற்றினார். சாக்பீஸ் எங்கும் படவில்லை.